முள்ளம்பன்றியின் பசு

கால்நடை மருத்துவமனையை மூடிவிட்டார்கள் என்று சிலர் சொல்லித் திரிவது அவதூறு. அதன் பெயரை நீட்டினார்கள், அவ்வளவுதான். ‘பாரம்பரிய வனவிலங்கு மருந்துகள்வழிக் கால்நடை நல்வாழ்வு இயக்ககம்’ என்னும் பெயர் பழைய பலகையில் அடங்கவில்லை. எனவே பலகையை நீட்டினார்கள். நீட்டிய பலகை வாசலின் மேல் பொருந்தவில்லை. எனவே வாசலை ஒட்டியிருந்த ஊசி போடும் அறையை இடித்து வாசலை அகலப்படுத்தினார்கள். இப்போது பலகை கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது.

அந்த அகன்ற வாசல் வழியாக ஒருநாள் காலையில் சிறிய சரக்கு வண்டி ஒன்று உள்ளே நுழைந்தது. வண்டியின் பின்தட்டில் பரப்பிய வைக்கோலின்மேல் ஒரு செவலைப் பசு படுத்திருந்தது. கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்திருந்தது. காதுகள் சில்லிட்டிருந்தன. மூக்கு உலர்ந்திருந்தது. முந்தைய நாள்தான் அது கன்று ஈன்றிருந்தது. கன்று நலம். தாய், விடியுமுன் படுத்தது; அதன்பின் எழவில்லை.

பசுவின் தலையை மடியில் தாங்கியபடி பால்காரர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு பசுதான். வண்டியை ஓட்டி வந்தவன் அவருடைய மனைவியின் தம்பி.

“மாமா, இது ஆஸ்பத்திரியா, சினிமா கொட்டகையா? வாசலைப் பாருங்க!”

“வாசலை அப்புறம் பாக்கலாம். போய் யாரையாவது கூப்பிடு மாப்ள. இதுக்குக் கண்ணு சொருகுது.”

பால்காரர் பெரிதாகக் கலங்கியிருக்கவில்லை. முந்தைய ஈற்றின்போதும் இதே பசு இதே போலப் படுத்தது. அப்போது இங்கிருந்த மருத்துவர் ஒரு கால்சியம் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கழுத்து நரம்பில் மெல்ல ஏற்றினார். பால்காரர் வாசலுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பசு எழுந்து நின்றுவிட்டது. அந்தப் பாட்டிலை எந்த மருந்துக்கடையிலும் வாங்கலாம். ஏற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஏற்றத் தெரிந்தவர்களை எல்லாம் இயக்ககம் பணியில் சேர்த்துக்கொண்டுவிட்டது. எனவே அவர் சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தார்.

வரவேற்பறையில் ஒரே மேசையின் இருபுறமும் இரண்டு அலுவலர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மரபு அலுவலர். மற்றவர் காப்பு அலுவலர். முன்னோர் மருத்துவத்தில் பயன்பட்ட காட்டுவிலங்குகள் யாவும் நம் செல்வம், அவற்றைக் கொண்டே கால்நடைகளைக் குணப்படுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. காட்டுவிலங்குகளின் ஒரு மயிரைக்கூட எவரும் தொடலாகாது என்று இன்னொரு சட்டம் இருந்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். எனவே எந்த நோய்க்கும் மரபு அலுவலர் மருந்து சொல்வார். காப்பு அலுவலர் அதைத் தடைசெய்வார். மக்கள் அலைய வேண்டாம் என்பதற்காக இரண்டையும் ஒரே மேசையில் முடித்துத் தந்தார்கள்.

“என்ன கேஸ்?” என்றார் மரபு அலுவலர்.

“பசுங்க. கன்னு போட்டுப் படுத்துடுச்சு. எந்திரிக்க மாட்டேங்குது. போன தடவை கால்சியம் ஏத்துனாங்க...”

“கால்சியம்ங்கறது நம்ம தாத்தா காலத்துல இருந்துச்சா?”

“தெரியலீங்களே. எங்க தாத்தாவுக்கு மாடு இல்ல.”

மரபு அலுவலர் கண்களை மூடிக்கொண்டார். “விழுந்தது எழணும். எழுந்து நிக்கிறது எது? முள்ளு. எந்த முள்ளு? முள்ளம்பன்றியோட முள்ளு.” கண்களைத் திறந்தார். “முள்ளம்பன்றி.”

பால்காரர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

“நம்ப முடியலையோ? மாட்டுக்கு இருமல்னு வர்றவங்களுக்கு நாங்க நரி எழுதறோம். ஏன்? நரி ஊளை விடறப்போ நடுவுல இருமி எப்பவாவது கேட்டிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“அதான் மருத்துவம். இப்போ உங்களுக்கு, முள்ளு நாலைப் பிடுங்கி, சுட்டு, சாம்பலை எண்ணெயில குழைச்சு, நாக்குல தடவணும்.”

“தடை,” என்றார் காப்பு அலுவலர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. “பிடுங்கினா ஜெயில். சுட்டா ஜெயில். தடவினா, தடவினவருக்கும் நக்கின மாட்டுக்கும் தனித்தனி வழக்கு.”

“அப்போ நான் என்னதாங்க செய்யறது?”

“காட்டுவோம்,” என்றார் மரபு அலுவலர்.

“எதை?”

“முள்ளம்பன்றியை. மாட்டுக்கு.”

இதற்கு அண்மை மருத்துவம் என்று பெயர். இரண்டு சட்டங்களும் நுழைந்து வெளிவரக்கூடிய ஒரே சந்து அதுதான் என்று வல்லுநர் குழு ஒன்று கண்டறிந்திருந்தது. விலங்கை வெட்டலாகாது, பிடுங்கலாகாது, காய்ச்சலாகாது, காட்டலாம். கரடி வேண்டியவர்களுக்குக் கரடியின் படம் மாட்டிய அறை இருந்தது. நரி ஒலிப்பதிவாக இருந்தது. கேட்டுக் கேட்டு அது தேய்ந்துபோனதில் இருமல் மாடுகளின் வருகை சற்றே தடைப்பட்டிருந்தது. உயிரோடு இருந்தது முள்ளம்பன்றி மட்டுமே.

“மாமா, நீங்க அதிர்ஷ்டசாலி. உசுருள்ள மருந்து,” என்றான் மைத்துனன், வெளியே வந்ததும். “எனக்குக் காட்டினாங்கன்னா நானே எந்திரிச்சு ஓடிருவேன். யாரு கண்டா, நம்ம மாடும் ஓடுதோ என்னவோ.”

“வாயை மூடிட்டு வா.”

பால்காரரின் கைபேசி அடித்தது. மனைவி.

“எந்திரிச்சுட்டாளா?”

“இன்னும் இல்ல. மருந்தைப் பாக்கப் போறோம்.”

“மருந்தைப் பாக்கவா? டாக்டரைப் பாருங்க முதல்ல. இங்க கன்னுக்குட்டி கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு. நேத்து ரெண்டு வாய் குடிச்சதுதான். பாட்டில்ல குடுத்தா துப்புது.”

முள்ளம்பன்றியின் அறை கட்டடத்தின் பின்பக்கம், நிழலான மூலையில் இருந்தது. குளிரூட்டப்பட்ட அறை. தரையில் ஈர மணல் பரப்பியிருந்தது. வயது முதிர்ந்த அந்த விலங்கு சுவரோரம் சுருண்டு தூங்கியது. முதுகு முட்களில் பாதி உதிர்ந்திருந்தன. அதன் அருகே வெள்ளை மேலங்கி அணிந்த பெண் ஒருவர் மண்டியிட்டிருந்தார். இயக்ககத்தின் பழைய மருத்துவர்களுள் இன்னும் ஊசியைக் கையில் வைத்திருக்க அனுமதி பெற்றவர் அவர் ஒருவரே. அவர் ஒரு பாட்டிலில் இருந்து சிறிதளவு மருந்தை ஊசியில் உறிஞ்சி, விலங்கின் தோலுக்கடியில் செலுத்தினார். பிறகு எழுந்து, பாட்டிலில் மீந்திருந்ததைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினார்.

பால்காரருக்கு அந்தப் பாட்டில் அடையாளம் தெரிந்தது.

“டாக்டரம்மா... அது கால்சியம்தானே?”

“ஆமா. வயசாயிடுச்சு, எலும்பு வலுவில்ல.”

“என் மாட்டுக்கும் அதே வியாதிதாம்மா. வண்டியில கிடக்கு. அந்த மிச்சத்தைக் கொட்டறதுக்குப் பதிலா...”

மருத்துவர் அவரை நேராகப் பார்த்தார். “உங்க மாடு நோயாளி. இது நோயாளி இல்ல, மருந்து. மருந்து கெட்டுப்போகாமப் பாத்துக்கறது என் வேலை. இந்தப் பாட்டில் எல்லாம் மருந்துப் பராமரிப்புக்குன்னு வர்றது.”

“அப்போ மருந்துக்கு மருந்து குடுப்பீங்க, மாட்டுக்குக் குடுக்க மாட்டீங்களா?”

“குடுக்கலாம். மாடு மருந்தா இருந்தா.”

அவருடைய குரலில் கேலி இல்லை. கேலி செய்வதற்கு ஓரளவு நம்பிக்கை வேண்டும். அவர் வண்டிவரை நடந்து வந்து, பசுவின் காதைப் பிடித்துப் பார்த்தார். கண்ணிமையை விரலால் தொட்டார். இமை மூட வெகுநேரம் ஆயிற்று.

“எப்போ படுத்துச்சு?”

“விடியறதுக்கு முன்னாலங்க.”

“மதியம் தாங்காது,” என்றார் மருத்துவர்.

அதற்குள் உயிருள்ள சிகிச்சை ஒன்று நடக்கவிருப்பதாக இயக்குநருக்குச் செய்தி போய்விட்டது. அத்தகைய வாய்ப்புகள் அரிது. ஊழியர் அனைவரும் முற்றத்துக்கு வரவழைக்கப்பட்டனர். முள்ளம்பன்றி, கம்பிக் கூண்டில், மணலோடு சேர்த்துத் தூக்கிவரப்பட்டு வண்டியின் பின்தட்டில், பசுவின் முகத்துக்கு எதிரே வைக்கப்பட்டது. வழியெங்கும் அது விழிக்கவில்லை. பசுவுக்கு அதன் பின்புறமே தெரிந்தது.

“எழுப்பித் திருப்பி வைக்கணும்,” என்றார் மரபு அலுவலர்.

“தூக்கத்தைக் கலைக்கறது குற்றம்,” என்றார் காப்பு அலுவலர்.

“முகம் பார்த்தாத்தான் மருத்துவம்.”

“அப்போ மாட்டைத் திருப்புங்க.”

பசுவைத் திருப்ப நால்வர் முயன்றனர். முடியவில்லை. தானாக விழிக்கும்வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று. அது இரவில் மட்டுமே விழிக்கும் விலங்கு என்பதை மருத்துவர் சுட்டிக்காட்டினார்; அக்கருத்து நன்றியோடு ஏற்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று இயக்குநர் பேசத் தொடங்கினார். அவர் கூட்டத்தைக் கண்டால் பேசாமல் விடாதவர்.

“அன்பர்களே! நம் முன்னோர் இந்த விலங்குகளை அரைத்தார்கள், கரைத்தார்கள், குடித்தார்கள். அவர்கள் எதிலும் குறை வைக்கவில்லை. அதனால்தான் இன்று காட்டில் அவை இல்லை. இல்லாத விலங்குகளைக் காக்க ஒரு பிரிவு, இல்லாத விலங்குகளால் குணப்படுத்த ஒரு பிரிவு என இரண்டையும் ஒரே கூரையின்கீழ் நடத்துவது நாம் மட்டுமே!”

கைதட்டல் எழுந்தது.

“குறை சொல்கிறார்கள். இங்கே வரும் மாடுகள் செத்துப்போகின்றன என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுள் ஒன்றாவது நவீன மருந்தின் ஒரு துளி பட்டுச் செத்தது என்று எவராவது நிரூபிக்க முடியுமா? தூய்மையாகச் செத்தன! இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. போன வாரம் என் வீட்டு நாய்க்கு உடல்நலம் கெட்டது. அது வெளிநாட்டு இனம். நம் மரபை அதன்மீது திணிப்பது பண்பாடு அல்ல என்று கருதி, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஊசி போடச் சொன்னேன். உடனே குணமாகிவிட்டது. எனக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.”

பலர் எண்ணிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சார்,” என்றான் மைத்துனன், “உங்க மருந்து குறட்டை விடுது சார்.”

“விடட்டும் தம்பி. குறட்டையிலும் குணம் உண்டு.”

பசுவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. வயிறு உப்பத் தொடங்கியிருந்தது. பால்காரர் அதன் தலையைத் தூக்கினார். அது அவர் கையில் மூட்டைபோலக் கனத்தது. அப்போது மருத்துவர் அவர் காதருகே குனிந்தார்.

“ஒரு வழி இருக்கு. உங்களுக்குப் பிடிக்காது.”

“சொல்லுங்கம்மா.”

“மருந்துப் பராமரிப்புல மருந்தோட தீனியும் அடங்கும். தீனி தர்ற மாடும் அடங்கும். இந்த மாட்டை முள்ளம்பன்றி பேருக்கு எழுதிக் குடுத்துட்டா, நான் பாட்டிலை எடுக்கலாம். யாரும் என்னைக் கேக்க முடியாது.”

“முள்ளம்பன்றி பால் குடிக்குமா?”

“குடிக்காது. கிழங்கும் வேரும்தான் தின்னும். ஆனா குடிக்காதுன்னு இங்க யாரும் எங்கயும் எழுதி வைக்கல.”

பால்காரர் அந்தக் கூண்டைப் பார்த்தார். பிறகு மனைவியை அழைத்தார்.

“எந்திரிச்சுட்டாளா?”

“இரு. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. மாடு பிழைக்கணுமா, நம்மகிட்ட இருக்கணுமா?”

“இதென்ன கேள்வி? ரெண்டும்தான்.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

மறுமுனையில் கம்மிய தொண்டையில் கன்று கத்துவது மட்டும் கேட்டது.

“பிழைக்கட்டும்,” என்றாள்.

கையெழுத்துப் போடும் வேலை விரைந்து முடிந்தது. இயக்ககத்தில் விரைந்து முடியும் வேலைகளும் இருந்தன. கொடுப்பவர் பால்காரர், பெறுபவர் முள்ளம்பன்றி. பெறுபவரின் காலை மையில் தோய்த்துப் பதிவு எடுக்கலாம் என்றார் மரபு அலுவலர். மை தோய்ப்பது துன்புறுத்தல் என்றார் காப்பு அலுவலர். பெறுபவர் மறுப்பேதும் தெரிவிக்காமல் தூங்கியதால் அதைச் சம்மதமாகக் கொள்ளலாம் என இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தனர். அவர்கள் ஒத்துப்போனதை ஊழியர்கள் அன்றுதான் கண்டார்கள்.

மருத்துவர் பாட்டிலை வண்டியின் பக்கக் கம்பியில் தலைகீழாகக் கட்டினார். கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் புடைக்கவைத்து ஊசியை ஏற்றினார். ஒரு கை குழாயை நெரித்து வேகத்தைக் குறைத்தது. மறு கையால் ஸ்டெதஸ்கோப்பைப் பசுவின் மார்பில் வைத்திருந்தார். இயக்குநர் மரபின் மேன்மை பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். சொட்டுச் சொட்டாகப் பாட்டில் இறங்கியது. பசுவின் தோள்தசை நடுங்கிற்று. ஓர் ஏப்பம் வந்தது. வாலைத் தூக்கிச் சாணமிட்டது. காதைத் தொட்டுப் பார்த்த பால்காரர், “சூடாவுது மாப்ள,” என்றார். பசு முன்கால்களை ஊன்றிற்று; பின்புறத்தைத் தூக்கிற்று; ஒருமுறை சரிந்தது; மறுமுறை நின்றுவிட்டது.

இயக்குநர் பேச்சை நிறுத்தினார்.

“பார்த்தீர்களா!” என்று கூவினார். “திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! முதுகாலேயே குணப்படுத்திவிட்டது!”

நிழற்படம் எடுக்கப்பட்டது. நடுவில் கூண்டு; ஒருபுறம் இயக்குநர்; மறுபுறம் பசு. பாட்டில் படத்தில் விழுந்ததால் அதை அவிழ்த்துவிட்டு மீண்டும் எடுத்தார்கள்.

மைத்துனன் வண்டியின் பின்கதவைச் சாத்தப்போனான். காப்பு அலுவலர் பசுவின் கயிற்றைப் பிடித்தார்.

“எங்க கொண்டுபோறீங்க?”

“வீட்டுக்குத்தான்,” என்றான் மைத்துனன். “பின்ன, முள்ளம்பன்றியா வந்து கழுவி, கட்டி, தீனி வைக்கும்?”

“அதெல்லாம் முள்ளம்பன்றியோட விஷயம். இறக்குங்க.”

“சார், வீட்டுல கன்னு இருக்கு,” என்றார் பால்காரர். “நேத்துப் பொறந்தது. அதை மட்டுமாவது இங்க கொண்டாந்து விட்டுக்கறேன்.”

“கன்னை எழுதிக் குடுத்தீங்களா?”

“இல்லீங்க.”

“அப்போ அது வெளியாள். வெளியாள் வந்து முள்ளம்பன்றியோட பாலைக் குடிச்சா அதுக்குப் பேரு திருட்டு. பச்சைக் கன்னு மேல வழக்குப் போட எனக்கும் மனசு வராது. அந்த நிலைமைக்கு என்னைத் தள்ளாதீங்க.”

அவர் இரக்கமற்றவர் அல்லர். பசுவை இறக்கி முற்றத்தில் கட்டியபின், அதைக் கறக்கத் தெரிந்தவர் இயக்ககத்தில் எவருமில்லை என்பது தெரியவந்ததும், காலைதோறும் வந்து கறந்து தரும் உரிமையைப் பால்காரருக்கே வழங்கப் பரிந்துரைத்தார். மடியை முழுக்க வற்றக் கறக்க வேண்டாம், மறுபடி படுத்துவிடும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

மறுநாள் காலையில் பால்காரர் வந்தார். வண்டியின் பின்தட்டில் கன்றும் வந்திருந்தது. மனைவிதான் ஏற்றி அனுப்பியிருந்தாள். கண்ணால் பார்த்தால் யாருக்காவது மனம் இளகும் என்று அவள் நினைத்தாள். கன்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. மைத்துனன் அதைத் தொடையிடுக்கில் அணைத்தபடி சாலையோரம் நின்றான்.

பால்காரர் முற்றத்தின் சிமெண்டுத் தரையில் குந்தி, பாதி மடியைக் கறந்தார். பால் ஒரு வட்டிலில் ஊற்றப்பட்டு முள்ளம்பன்றியின் முன் வைக்கப்பட்டது. அது தூங்கிக்கொண்டிருந்தது. உரிய இடைவெளி விட்டு, ‘ஏற்கப்படவில்லை’ என்று காப்பு அலுவலர் உரக்க அறிவித்தார்.

“சார், அது வேண்டாம்னு விட்ட பால்தானே. அதை நான் கன்னுக்கு...”

“பாதுகாக்கப்பட்ட விலங்கு தொட மறுத்தது அதோட எச்சம். எச்சத்தை வெளிய கொண்டுபோறது குற்றம். சாக்கடையில ஊத்துங்க.”

பால்காரர் ஊற்றினார்.

அப்போது வெளியே கன்று கத்திற்று. கட்டிய தொண்டை, பெரிய சத்தம் இல்லை. பசு காதுகளைத் திருப்பியது. கயிறு இறுகும்வரை வாசலை நோக்கி நடந்து, அங்கேயே நின்று, அடித்தொண்டையில் பதில் சொன்னது. யாரும் தொடாமலே அதன் காம்புகளில் இருந்து பால் சுரந்து தரையில் விழத் தொடங்கியது. முதலில் சொட்டுகளாக, பிறகு இழைகளாக. சிமெண்டுத் தரையில் வெள்ளையாகப் பரவி, காப்பு அலுவலரின் காலணியைத் தொட்டது.

அவர் பதறிப் பின்வாங்கினார். “என்ன இது? அனுமதியில்லாம... நிறுத்தச் சொல்லுங்க!”

“யாரைங்க?”

“உங்க மாட்டை!”

கையெழுத்துப் போட்ட பிறகு அந்த வளாகத்தில் அதை அவருடைய மாடு என்று ஒருவர் சொன்னது அப்போதுதான். பால்காரர் அவசரமாக மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மடிக்கு அடியில் ஏந்திப் பிடித்தார். கைகள் நிறைந்து, விரலிடுக்குகளில் வழிந்தது.